விதை, உரம், மருந்து: கடையில் வாங்குவதா, ஆன்லைனில் வாங்குவதா?

விலையை மட்டும் பார்த்தால் போதாது. பில்லையும் லாட் நம்பரையும் பாருங்கள்

பழனி வட்டாரத்தில் இடுபொருள் வாங்குவதற்கு ஒரு பழகிய வழி உண்டு. நெய்க்காரப்பட்டி, கீரனூர், ஆயக்குடி, பாலசமுத்திரம் என எந்த ஊர் விவசாயியாக இருந்தாலும், டவுனுக்கு வரும்போது வழக்கமான உரக்கடை முன்னால் வண்டியை நிறுத்துவார். புழு அரித்த இலையை ஒரு கவரில் போட்டுக் கொண்டு வந்து காட்டுவார். கடைக்காரர் பார்த்துவிட்டு ஒரு மருந்தை எடுத்துக் கொடுப்பார். கையில் பணம் இருந்தால் கொடுப்பார். இல்லையென்றால் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

இப்போது அதே மருந்தின் பெயரைச் செல்போனில் தட்டினால் பத்துக் கம்பெனி மருந்துகள் விலையோடு வந்து நிற்கின்றன. அமேசான் 2021 செப்டம்பரில் விவசாயிகளுக்கென்றே 'கிசான் ஸ்டோர்' என்ற பகுதியைத் தொடங்கியது. பிக்ஹாட், அக்ரோஸ்டார், இஃப்கோ பஜார் போன்றவை இடுபொருளையே முக்கிய வியாபாரமாக வைத்திருக்கின்றன. மத்திய அரசின் தேசிய விதைக் கழகமும் ஓ.என்.டி.சி. தளம் வழியாக விதை விற்கிறது. வீட்டில் கல்லூரி போகும் பிள்ளை இருந்தால் ஆர்டர் போடுவது ஐந்து நிமிட வேலை.

இரண்டில் எது மலிவு என்றுதான் ஊரில் பேச்சு நடக்கிறது. சட்டை, செருப்பு வாங்க அந்தக் கேள்வி போதும். விதைக்கும் மருந்துக்கும் இன்னொரு கேள்வி தேவை. விதை முளைக்காமல் போனாலோ, மருந்து கேட்காமல் போனாலோ யாரிடம் போய் நிற்பது? அப்போது கையில் என்ன ஆதாரம் இருக்கும்?

கடனுக்கு வாங்கினால் என்ன விலை?

உள்ளூர்க் கடையின் பெரிய பலம் கடன். அறுவடை முடிந்து பணம் தரலாம் என்ற வசதியை எந்தச் செயலியும் அவ்வளவு சுலபமாகத் தருவதில்லை. மழை பொய்த்தால் கடைக்காரர் இன்னும் ஒரு மாதம் பொறுப்பார். அந்தப் பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. அது பெரும்பாலும் பொருளின் விலைக்குள்ளேயே இருக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ரொக்கத்துக்கு 900 ரூபாய் என்று கிடைக்கும் ஒரு மருந்து, கடனுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதம் கழித்துப் பணம் கொடுத்தால், 900 ரூபாய்க்கு நான்கு மாத வட்டி 100 ரூபாய் ஆகிறது. வருடக் கணக்கில் இது 33 சதவிகிதத்துக்கு மேல். அதே 900 ரூபாயைக் கிசான் கிரெடிட் கார்டில் எடுத்து, கெடுவுக்குள் கட்டிவிட்டால் வட்டி 4 சதவிகிதம்தான். நான்கு மாதத்துக்கு 12 ரூபாய். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனை உரிய காலத்தில் கட்டினால் அந்த வட்டியும் கிடையாது.

ஆகவே ஆன்லைன் விலையை உள்ளூர்க் கடையின் கடன் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சரியான கணக்கல்ல. கையில் ரொக்கத்தை வைத்துக்கொண்டு, 'பில்லோடு, ரொக்கத்துக்கு என்ன விலை?' என்று கடையில் கேட்க வேண்டும். அந்த விலையையும், கொரியர் கட்டணம் சேர்த்த ஆன்லைன் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மையான வித்தியாசம் தெரியும். பல பொருள்களில் அது நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

கடனில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாக்கி நிற்கும் கடையில், அவர் எடுத்துக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஒரு மருந்து கேட்டுப் போனவர், கூடவே ஒரு டானிக்கும் ஒட்டும் திரவமும் வாங்கி வருவது இப்படித்தான்.

ஒரே மருந்து, பல பெயர்கள்

ஆன்லைனில் விலை குறைவாகத் தெரிவதற்குக் காரணம் சில நேரம் பொருளே வேறாக இருப்பதுதான். மக்காச்சோளப் படைப்புழுவை எடுத்துக்கொள்ளலாம். 2018-ல் இந்தியாவுக்குள் வந்த இந்தப் புழு, திண்டுக்கல் மாவட்ட மக்காச்சோளக் காடுகளையும் விடவில்லை. இதற்குப் பரிந்துரைக்கப்படும் மருந்துகளில் ஒன்று குளோரன்ட்ரனிலிபுரோல் 18.5 எஸ்.சி. அதன் காப்புரிமை இந்தியாவில் 2022 ஆகஸ்டில் முடிந்தது. அதன்பின் பல கம்பெனிகள் தங்கள் தங்கள் பெயரில் அதே மருந்தை விற்கத் தொடங்கின. விலையும் இறங்கியது. விவசாயிக்கு இது நல்லதுதான்.

ஆனால் தேடும்போது அதே மருந்து வேறு சதவிகிதத்திலும், குருணையாகவும், இன்னொரு மருந்தோடு கலந்தும் வரும். படத்தில் பாட்டில் ஒன்றுபோலவே இருக்கும். எனவே வணிகப் பெயரைப் பார்த்து ஒப்பிடக் கூடாது. மருந்தின் தொழில்நுட்பப் பெயர், சதவிகிதம், வடிவம், மில்லி அளவு ஆகிய நான்கும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு விலைகளையும் ஒப்பிட முடியும். கடையில் வாங்கும்போதும் இதே சோதனை பொருந்தும்.

படைப்புழுவில் நாளும் முக்கியம். புழு சிறிதாக இருக்கும்போது மருந்து கேட்கும். வளர்ந்து குருத்துக்குள் இறங்கிவிட்டால் எந்த மருந்துக்கும் எளிதில் மசியாது. கொரியர் வர நான்கைந்து நாள் ஆகும் என்றால், அந்த நாள்களில் புழு தின்ற குருத்துக்கு முன்னால் மிச்சம் பிடித்த பணம் பெரிதாகத் தெரியாது. அவசர மருந்துக்கு ஊரில் இருக்கும் கடையே துணை.

சட்டம் என்ன சொல்கிறது?

பூச்சிமருந்தை ஆன்லைனில் விற்பது சட்டப்படி சரியா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. 1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளில் 2022 நவம்பரில் கொண்டுவரப்பட்ட திருத்தம் இதற்கு வழிவிட்டது. உரிமம் பெற்ற விற்பனையாளர், இணையதளம் வழியாக வீட்டுக்கே அனுப்பி விற்கலாம். அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று சரிபார்க்கும் பொறுப்பு அந்த இணையதள நிறுவனத்துடையது.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய தளங்கள் பலவற்றில் விற்பவர் வேறு, தளம் வேறு. தளம் என்பது சந்தைத் திடல் மாதிரி. கடை போட்டிருப்பவர் எங்கோ வேறு மாநிலத்தில் இருப்பார். 2020-ம் ஆண்டு மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரங்களைத் தளம் காட்ட வேண்டும். குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். குறைபாடுள்ள, போலியான அல்லது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது.

யூரியா, டி.ஏ.பி. போன்ற மானிய உரங்களின் கதை வேறு. கடையில் பி.ஓ.எஸ். கருவியில் ஆதார் பதிவு செய்து விற்றால்தான் கம்பெனிக்கு மானியம் போகும். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு என்ற விலை இந்த முறையில்தான் கிடைக்கிறது. ஆகவே இதற்குக் கூட்டுறவுச் சங்கமோ உரக்கடையோதான் இடம். எந்தக் கடையில் எவ்வளவு இருப்பு உள்ளது என்று தமிழக அரசின் உழவன் செயலியில் பார்த்துவிட்டுப் போகலாம். நீரில் கரையும் உரங்கள், நானோ யூரியா போன்றவை ஆன்லைனிலும் கிடைக்கின்றன.

அதிகக் கவனம் தேவைப்படுவது டானிக், பூஸ்டர், வளர்ச்சி ஊக்கி என்ற பெயரில் வரும் பாட்டில்களில்தான். உயிர் ஊக்கிகள் எனப்படும் இவை 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. தற்காலிக அனுமதியில் விற்றுவந்த காலம் 2025 ஜூனோடு முடிந்தது. அனுமதி விவரம் இல்லாத பாட்டிலை, கடையில் கொடுத்தாலும் செல்போனில் வந்தாலும் ஒதுக்கிவிடுவதே நல்லது.

கடை திருப்பி எடுக்கும், பயிர் காத்திருக்காது

ஆன்லைனில் ஒரு பொருளைத் திருப்பி அனுப்பப் பெரும்பாலும் சில நாள்களே கெடு. விதை, மருந்துகளுக்குப் பல தளங்களில் அந்த வசதியே இருப்பதில்லை. சட்டை அளவு சேரவில்லை என்பது போட்ட உடனே தெரிந்துவிடும். விதை முளைக்கவில்லை என்று தெரிய ஒரு வாரம் ஆகும். தக்காளி சொன்ன ரகம் இல்லை என்று தெரியக் காய் பிடிக்க வேண்டும். கொய்யாக் கன்று என்ன ரகம் என்று தெரிய இரண்டு வருடம்கூட ஆகலாம். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு எப்போதோ முடிந்திருக்கும்.

உள்ளூர்க் கடையிலும் இதே நிலைதான். கடைக்காரர் பழக்கத்துக்காக வேறு விதை கொடுக்கலாம். ஏக்கருக்குச் செலவான உழவு, ஆள்கூலி, போன பட்டம் ஆகியவற்றை அவர் தரமாட்டார். இவ்வளவு நஷ்டத்தையும் கேட்க வேண்டுமானால் சட்டத்தின் வழியில்தான் போக வேண்டும்.

அந்த வழியைத் திறந்து வைத்த முக்கியமான தீர்ப்பு ஒன்று உண்டு. ஆந்திராவில் தேசிய விதைக் கழகத்திடம் விதை வாங்கிய விவசாயிகள், விளைச்சல் பொய்த்ததால் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்கள். விதைச் சட்டம் இருக்கும்போது நுகர்வோர் மன்றத்துக்கு வர முடியாது, விளைவித்து விற்கும் விவசாயி நுகர்வோர் அல்ல, விதை மாதிரியை ஆய்வகத்தில் பரிசோதிக்கவில்லை என்றெல்லாம் கழகம் வாதிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2012 ஜனவரி 16 அன்று விவசாயிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. விவசாயியும் நுகர்வோர்தான் என்றது நீதிமன்றம். பின்னால் வழக்கு வரும் என்று நினைத்து, வாங்கிய விதையில் ஒரு பங்கை எடுத்து வைக்க வேண்டும் என்று எந்த விவசாயியிடமும் எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னது.

அதனால் விதை முழுவதையும் விதைத்துவிட்டவரும் வழக்குப் போடலாம். இருந்தாலும் எந்த லாட், யாரிடம், எந்தத் தேதியில் வாங்கியது என்பதைக் காட்ட பில்லும் அட்டையும் வேண்டும். வயலை வேளாண்மை அலுவலர் நேரில் பார்த்துக் கொடுக்கும் அறிக்கையும் வேண்டும்.

பில் தருவது கடமை

விதைக் கட்டுப்பாட்டு ஆணை, பூச்சிக்கொல்லி விதிகள், உரக் கட்டுப்பாட்டு ஆணை மூன்றுமே விற்பவர் பில் தர வேண்டும் என்று சொல்கின்றன. ரொக்கத்துக்கும் பில், கடனுக்கும் பில். துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுப்பது பில் ஆகாது. பொருளின் பெயர், ரகம், லாட் அல்லது பேட்ச் நம்பர், கம்பெனி, அளவு, விலை, தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

ஆன்லைனில் பில் தானாகவே மின்னஞ்சலில் வந்துவிடும். இந்த இடத்தில் செல்போன் முந்திக்கொள்கிறது. ஆனால் அந்த பில்லில் லாட் நம்பர் பெரும்பாலும் இருக்காது. எனவே பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்து, பாக்கெட்டில் உள்ள லாட் நம்பர், பரிசோதனைத் தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றைத் தெளிவாகப் படம் பிடித்து வைக்க வேண்டும்.

விதைப் பையில் நீல நிற அட்டை இருந்தால் அது சான்று விதை. உண்மைநிலை விதைக்கு இளம்பச்சை அட்டை இருக்கும். பொதுவாகப் பரிசோதனைத் தேதியிலிருந்து 9 மாதம்வரை அட்டை செல்லும். குறைந்தபட்ச முளைப்புத் திறன் நெல்லுக்கு 80 சதவிகிதம், வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு 90, தக்காளி, கத்தரிக்கு 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60 என்று இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் விதைக்கும் முன்பே திண்டுக்கல்லில் உள்ள விதைப் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். வீட்டிலேயே ஈரச் சாக்கில் 100 விதையைச் சுருட்டி வைத்து எண்ணிப் பார்ப்பதும் பயன் தரும்.

லேபிள் பார்த்து வாங்குவது பழனிக்காரர்களுக்குப் புதிதல்ல. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கோயில் பஞ்சாமிர்தத்தை வாங்க வரும் உறவினர்களிடம், தேவஸ்தான ஸ்டாலில் பார்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கவனம் விதைப் பாக்கெட்டுக்கும் வேண்டும்.

எதை எங்கே வாங்கலாம்?

ஆன்லைனில் வாங்கத் தோதானவை: தார்ப்பாய், நிழல்வலை, கவாத்துக் கத்தரி, சொட்டுநீர் இணைப்புகள், இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டும் அட்டை, மாடித்தோட்டப் பொருள்கள். இவை வந்தவுடன் நல்லதா கெட்டதா என்று கண்ணாலேயே தெரியும். பிடிக்காவிட்டால் கெடுவுக்குள் திருப்பி அனுப்பலாம். ஊர்க் கடையில் கிடைக்காத உயிரியல் மருந்து, பொறி மாத்திரை போன்றவையும் இந்த வகை. உயிரியல் மருந்தில் தயாரித்த தேதியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். வெயிலில் பல நாள் பயணித்தால் நுண்ணுயிர்கள் செத்துப்போகும்.

யோசித்து வாங்க வேண்டியவை: பேட்டரி ஸ்பிரேயர், களைவெட்டும் கருவி, மோட்டார். விலை குறைவு என்பதால் வாங்கியபின், உதிரிபாகத்துக்கு அலைய நேரிடும். பழனியிலோ ஒட்டன்சத்திரத்திலோ திண்டுக்கல்லிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஆர்டர் போடலாம்.

நேரில் வாங்க வேண்டியவை: மரக்கன்றுகள், பெரிய பரப்புக்கு விதை, அவசர மருந்து, மானிய உரம். கன்றை வேரும் ஒட்டும் பார்த்து, உரிமம் உள்ள நாற்றுப் பண்ணையில் வாங்குவதே பாதுகாப்பு. புது ரக விதையை ஆன்லைனில் வாங்க ஆசைப்பட்டால், முதலில் பத்துச் சென்ட்டில் போட்டுப் பார்க்கலாம்.

நீல நிற ஸ்ட்ராபெர்ரி, வானவில் ரோஜா என்ற படங்களோடு வரும் விதைகளைத் தொடவே வேண்டாம். கேட்காமல் வெளிநாட்டிலிருந்து வரும் விதைப் பார்சலும் ஆபத்து. 2020 ஆகஸ்டில் மத்திய வேளாண் அமைச்சகம் இதைப் பற்றி எல்லா மாநிலங்களையும் எச்சரித்தது. புதிய களையோ நோயோ அதன் வழியாக வந்துவிடலாம். அப்படி வந்தால் பிரிக்காமல் வேளாண்மை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

ஆலோசனை யாரிடம்?

கடையின் இன்னொரு பலம் ஆலோசனை. ஹைதராபாத்தில் உள்ள மேனேஜ் நிறுவனம் 2003-ல் இடுபொருள் வியாபாரிகளுக்காக ஓராண்டு பட்டயப் படிப்பைத் தொடங்கியது. 'டேசி' எனப்படும் அந்தப் படிப்பை முடித்தவரின் கடையில் கேட்கும் யோசனைக்கு மதிப்பு அதிகம். சான்றிதழ் கடையில் மாட்டியிருக்கும். ஆன்லைனில் வாங்குபவர், கருத்துப் பகுதியில் உள்ள நட்சத்திரங்களை ஆலோசனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். வட்டார வேளாண்மை விரிவாக்க மையமும், காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் மையமும் கட்டணம் வாங்காமல் யோசனை சொல்கின்றன.

கேள்வி – பதில்

பில் கேட்டால் கடைக்காரர் தர மறுக்கிறார். என்ன செய்வது?
விதையானால் விதை ஆய்வாளரிடமும், உரம், மருந்தானால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் எழுத்தில் புகார் கொடுக்கலாம். திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்திலும் மனு தரலாம். அதுவரை பணத்தைச் செல்போன் வழியாகக் கட்டினால், கொடுத்ததற்கு ஓர் ஆதாரமாவது மிஞ்சும்.

விற்றவர் குஜராத்தில் இருக்கிறார். வழக்குப் போட அங்கே போக வேண்டுமா?
வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பழனிக்காரர் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் தொடர வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து பார்க்கலாம்.

விதை முளைக்கவில்லை. முதலில் செய்ய வேண்டியது என்ன?
வயலை உழுதுவிடாதீர்கள். வேளாண்மை அலுவலருக்கு எழுதிக் கொடுத்து, நேரில் வந்து பார்க்கச் சொல்லி அறிக்கை வாங்குங்கள். தோட்டக்கலைப் பயிரானால் தோட்டக்கலை அலுவலரிடம் கேளுங்கள். தேதியோடு படம் எடுங்கள். காலிப் பையையும் அட்டையையும் பத்திரமாக வையுங்கள். விற்றவருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள்.

மருந்துப் பாட்டில் கசிந்து வந்திருக்கிறது. பயன்படுத்தலாமா?
கூடாது. நனைந்த பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். பிரித்த பிறகு தெரிந்தால் கையுறை போட்டு, பிள்ளைகளும் ஆடு மாடும் அண்டாத இடத்தில் வைத்துவிட்டு, படத்தோடு உடனே புகார் செய்யுங்கள்.

பாதி விலைக்கு ஸ்பிரேயர் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பியாகிவிட்டது. பொருள் வரவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?
தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறும் முன் அதை முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. முகவரியும் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லாத பக்கத்தில் முன்பணம் கட்டாதீர்கள். பொருள் வந்தபின் பணம் தரும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.